மாஸ்ரர் பதில்கள்: இலக்கம் கிடைக்காதவர்கள்

சென்ற இதழில் தரம் 11 மாணவன் ஒருவன், "ஹிட்லர் யூதர்களை என்ன செய்தான்?" என்று கேட்டிருந்தான். நாஜி ஜேர்மனி சுமார் 60 இலட்சம் யூதர்களைக் கொன்றது என்று, பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல நாலு வரி எழுதிவிட்டு, நெல்லுக்கு அடிக்கும் அறக்கொட்டியான் பற்றிய அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். வாசகர்களுக்கு அது பிடிக்கவில்லை. 11 கடிதங்கள் வந்திருக்கின்றன. "மாஸ்ரர், பூச்சிக்கு ஒரு பக்கம், 60 இலட்சம் சனத்துக்கு நாலு வரியோ?" என்று ஒருவர் நறுக்கென்று கேட்டிருக்கிறார். சரி, பிழை என்னுடையதுதான். இந்த முறை முழுக்க அதுவே. வயல்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

? வதைமுகாம், தடுப்புமுகாம், கொலைமுகாம் என்று பத்திரிகைகளில் மாறி மாறி எழுதுகிறார்கள். எல்லாம் ஒன்றுதானே?
— உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு

இல்லைப் பிள்ளை. இதைக் குழப்பிக்கொண்டால் மிச்சம் எல்லாம் குழம்பிப் போகும்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது 1933 ஜனவரி 30. மார்ச் 22இல் மியூனிக் நகருக்குப் பக்கத்தில் டாஹாவ் முகாம் திறந்தாயிற்று. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் அதற்குள் போனவர்கள் அரசியல் எதிரிகள்: கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர், தொழிற்சங்கக்காரர். அவர்களுக்குள் யூதர்களும் இருந்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி அங்கே முதன்முதலாகச் சுடப்பட்ட நாலு பேரும் யூதர்கள். ஆனால் யூதர் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கில் பிடித்து அடைத்தது 1938 நவம்பரில். 9ஆம் திகதி இரவும் மறுநாளும் தொழுகைக்கூடங்களை எரித்தார்கள், கடைக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். சுமார் 30,000 ஆண்களை டாஹாவ், புஹன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அடி, பட்டினி, சாவு எல்லாம் அங்கே இருந்தன. இருந்தும் அந்த முறை பிடிபட்டவர்களில் பெரும்பாலானவர்கள், நாட்டைவிட்டுப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து வெளியே வந்தார்கள். வதைமுகாம் என்பது இது.

கொலைமுகாம் வேறு சாமான். 1941 டிசம்பரில் கெல்ம்னோ, 1942இல் பெல்செக், சோபிபோர், ட்ரெப்லிங்கா. எல்லாம் ஜேர்மனி பிடித்து வைத்திருந்த போலந்தில். கைதிகளைத் தங்கவைப்பதற்காகக் கட்டிய இடங்கள் அல்ல இவை. பிணம் இழுக்கவும் உடுப்பு பிரிக்கவும் சில நூறு பேரை வைத்துக்கொண்டு, காலையில் வந்த ரயில் சனத்தைப் பொழுதுபடுமுன் முடித்துவிடுவார்கள். ட்ரெப்லிங்காவில் மட்டும் 8 இலட்சத்துக்கு மேல்.

அவுஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது. 1940 ஜூனில் போலந்து அரசியல் கைதிகளோடு தொடங்கிய வதைமுகாம், பக்கத்தில் பிர்கனாவ் பகுதியும் சேர்ந்தபிறகு கொலைமுகாமும் ஆயிற்று. அங்கே பாவித்த சைக்ளோன் பி ஒரு பூச்சிமருந்து. களஞ்சியத்துப் பூச்சிக்கும் உடுப்புப் பேனுக்கும் என்று விற்ற மருந்து. போன மாதம் பூச்சிமருந்துக்கு ஒரு பக்கம் எழுதிய கையால் இதை எழுதும்போது ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் குறித்துக்கொள். முகாம் என்ற ஒன்றைக் கண்ணால் காணாமலே செத்தவர்கள் ஏராளம். 1941இல் சோவியத் நாட்டுக்குள் போன கொலைப்படைகள் ஊர் ஊராகச் சுட்டன. கீவ் நகரத்து ஓரத்தில் பாபி யார் என்ற பள்ளத்தில் செப்டெம்பர் 29, 30 இரண்டு நாளில் 33,771 பேர். கடைசி ஒன்றுவரை எண்ணி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியவர்கள் சுட்டவர்களேதான்.

? கெட்ட காலம் வருகிறது என்று தெரிந்தும் ஏன் அந்தச் சனம் ஓடவில்லை? நாங்கள் என்றால் முதலே வெளிக்கிட்டிருப்போம்.
— தையற்கடைக்காரர், கிளிநொச்சி

தம்பி, 2008இல் வன்னியில் சண்டை நெருங்கியபோது நீங்கள் எந்த மாதம் வெளிக்கிட்டீர்கள்? நான் கடைசி ஆட்களோடுதான். வீட்டுக்கு ஓடு போட்டு ஆறு மாதம் ஆகவில்லை, அம்மாவுக்கு நடக்க ஏலாது, "இந்த முறையும் கொஞ்ச நாளில் திரும்பிவிடலாம்" என்று நினைத்தேன். படித்த மனிசன் நான்.

ஜேர்மனியில் 1933இல் சுமார் 5 இலட்சம் யூதர்கள். நாட்டுச் சனத்தொகையில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அவர்களில் பாதிக்கு மேல் யுத்தத்துக்கு முன்பே போய்விட்டார்கள். மற்றவர்களை யார் எடுத்தார்கள்? 1938 ஜூலையில் எவியான் என்ற ஊரில் 32 நாடுகள் கூடி இந்த அகதிகளைப் பற்றிப் பேசின. அனுதாபத்துக்குக் குறைவில்லை, விசாவுக்குத்தான் குறைவு. அடுத்த வருடம் மே மாதம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பேரோடு கியூபாவுக்குப் போனது. கியூபா முப்பது பேரைக்கூட இறக்கவிடவில்லை. அமெரிக்காவும் கதவைத் திறக்கவில்லை. மியாமி நகர வெளிச்சம் தெரியும் தூரத்தில் நின்றுவிட்டுக் கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. இங்கிலாந்து, பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்து நாலும் பங்குபோட்டு எடுத்தன. அடுத்த வருடமே இவற்றில் மூன்றை ஹிட்லர் பிடித்தான். கப்பலில் போனவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள்.

2010இல் 492 தமிழரோடு கனடாக் கரைக்குப் போன கப்பலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர்களையும் தடுத்துத்தான் வைத்தார்கள், ஆனால் கப்பலைத் திருப்பவில்லை. அந்த வித்தியாசத்துக்குப் பின்னால் அந்த 937 பேரின் கதையும் இருக்கிறது. அகதியைச் சாவுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1951இல் உலக நாடுகள் சாசனம் எழுதியது அந்த அனுபவங்களுக்குப் பிறகுதான்.

போலந்து யூதர்கள் 33 இலட்சம் பேர். அவர்களிடம் "ஏன் ஓடவில்லை" என்று கேட்கவே ஏலாது. 1939 செப்டெம்பரில் யுத்தம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

? ரயிலில்தானே ஏற்றிக்கொண்டு போனார்கள். ரயில்வேக்காரருக்கு ஒன்றும் தெரியாதா?
— ஓய்வுபெற்ற நிலைய ஊழியர், மாங்குளம்

தெரியும் ஐயா. கணக்கும் வைத்திருந்தார்கள். மாட்டுப் பெட்டியில் அடைத்தாலும் ஜேர்மன் ரயில்வே மூன்றாம் வகுப்புக் கட்டணம்தான் எழுதியது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாதி, 4 வயதுக்குக் குறைந்ததுகளுக்கு இலவசம். 400 பேருக்கு மேல் என்றால் கூட்டப் பயணச் சலுகை. காவலுக்குப் போனவர்களுக்குப் போக்குவரத்து இரண்டுக்கும் ரிக்கற், மற்றவர்களுக்கு ஒருவழி மட்டும். இதைவிட நான் என்ன எழுத?

எங்கள் ஊரில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கருக்குக் கூரையாகப் போனதும், 2013இல் கிளிநொச்சிக்கு மறுபடி ரயில் வந்தபோது பெரிய பெடியள்கூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. என்னிடம் படித்த ஒருத்தி அன்றைக்கு நிலையத்தில் நின்று சொன்னாள்: "சேர், நான் ரயிலைப் படத்தில் பார்த்ததே அந்த முகாம் பாடத்தில்தான்."

? நாட்குறிப்பு எழுதிய ஆன் பிராங்க் நச்சுவாயு அறையிலா இறந்தார்?
— மாணவர், முழங்காவில்

இல்லை. 1944 ஓகஸ்ட் 4இல் அம்ஸ்டர்டாமில் பிடிபட்டு, அவுஷ்விட்ஸுக்கும் பிறகு பேர்கன்-பெல்சனுக்கும் கொண்டுபோகப்பட்டார். அங்கே 1945இன் தொடக்கத்தில் பேன் பரப்பும் தைபஸ் காய்ச்சலில் இறந்தார். வயது 15. அக்கா மார்கோவும் அங்கேதான். பெல்சனில் நச்சுவாயு அறையே கிடையாது. சனத்தை நெருக்கி, தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்தினால் போதுமாக இருந்தது. ஏப்ரல் 15இல் பிரித்தானியப் படை உள்ளே போனபோது சுமார் 60,000 பேர் இருந்தார்கள். விடுதலையான பிறகும் அவர்களில் 13,000க்கு மேல் செத்தார்கள். காய்ந்த குடல் சாப்பாட்டைத் தாங்கவில்லை, காய்ச்சலும் விடவில்லை.

? அந்த நாடுகளில் ஒருவர்கூடவா உதவவில்லை?
— கடற்றொழிலாளி, முல்லைத்தீவு

உதவினார்கள். உங்கள் தொழில்காரர்தான் முன்னுக்கு நின்றார்கள்!

1943 ஒக்டோபர் முதலாம் திகதி இரவு டென்மார்க்கிலுள்ள யூதர் எல்லோரையும் பிடிப்பது என்று ஜேர்மனியர் திட்டம் போட்டார்கள். டுக்விட்ஸ் என்ற ஜேர்மன் அதிகாரியே செய்தியைக் கசியவிட்டார். தொழுகைக்கூடத்தில் வைத்து யூத மதகுரு சனத்துக்குச் சொன்னார், "வீட்டில் நிற்காதேங்கோ" என்று. அப்புறம் ஊரே சேர்ந்து ஒளித்தது. தேவாலயம், ஆஸ்பத்திரி, கோடைக்கால வீடு, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மூன்று நாலு கிழமைக்குள் சுமார் 7,200 யூதர்களும், அவர்களோடு கலியாண உறவில் சேர்ந்த வேறு 700 பேர் வரையும், மீன்பிடிப் படகுகளில் நீரிணையைக் கடந்து சுவீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மிக ஒடுங்கிய இடத்தில் அந்தக் கடல் நாலு கிலோமீற்றர்தான். உங்களுக்கு அது கடலே இல்லை. ஆனால் ஜேர்மன் ரோந்துப் படகு ஓடுகிற நாலு கிலோமீற்றர்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை மறைப்பார்கள், நான் மறைக்கமாட்டேன். படகுக்காரர் காசு வாங்கினார்கள். சிலர் கூடவே வாங்கினார்கள். காசில்லாதவர்களுக்கு ஊரில் வசதியானவர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். 1990இல் என் தங்கச்சி குடும்பம் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறியபோது தாலிக்கொடியில் பாதி போனது. "கொள்ளைக்காரன்" என்று படகுக்காரரை இன்றைக்கும் திட்டுவாள். திட்டி முடித்த கையோடு, "அவன் மட்டும் இல்லையென்றால்..." என்பாள். பிடிபட்டால் படகும் போய் ஆளும் போகிற தொழிலுக்குக் கூலி என்ன என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

? மகள் ஜேர்மனியில். பேரனின் பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய வாழ்த்து மடலில் பிள்ளையார் சுழியும் சுவஸ்திகமும் போட்டிருந்தேன். "அம்மா, இனி இதை அனுப்பாதேங்கோ" என்கிறாள். எங்கள் சாமிச் சின்னத்துக்கு என்ன குறை?
— அம்மம்மா, ஒட்டுசுட்டான்

சின்னத்துக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. 1920இல் நாஜிக் கட்சி அதை எடுத்துத் தன் கொடியில் போட்டது, 1935இல் அதுவே நாட்டுக் கொடியும் ஆயிற்று. இன்றைக்கு நாஜிச் சின்னத்தை வெளியில் காட்டுவது அங்கே குற்றம். கோயிற் சின்னம் வேறு என்று சட்டத்துக்கு விளங்கலாம், மேல்வீட்டுக்காரருக்கு விளங்கவேண்டுமே. பிள்ளையார் சுழியோடு நிறுத்துங்கோ. பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

? மாஸ்ரர், நாங்களும் முள்வேலிக்குள் இருந்தனாங்கள். "எங்களுக்கு நடந்ததும் அவுஷ்விட்ஸ்தான்" என்று என் மகன் முகநூலில் எழுதுகிறான். அது சரியோ?
— ஒரு தாய், கரைச்சி

தங்கச்சி, நானும் 2009இல், யுத்தத்தில் தப்பிய சனத்தை அடைத்த முகாமின் முள்வேலிக்குள் ஒன்பது மாதம் இருந்தவன். தறப்பாள் கொட்டிலின் வெக்கை, தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, அடுத்த கொட்டிலில் யார் இரவோடு காணாமற்போனார் என்ற குசுகுசுப்பு. அம்மாவை அங்கேதான் இழந்தேன். ஆகவே மகனின் கோபத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவன் எழுதியது சரியில்லை.

1942 ஜனவரி 20இல் பெர்லின் நகரத்து ஓரத்தில் வான்சே என்ற ஏரிக்கரை வீட்டில் 15 அதிகாரிகள் கூடினார்கள். ஒன்றரை மணித்தியாலம் பேசினார்கள். அங்கே வைத்த பட்டியலில் ஐரோப்பா முழுவதிலும் உள்ள யூதர் 1 கோடி 10 இலட்சம் என்று போட்டு, நாடு நாடாகப் பிரித்திருந்தார்கள். ஜேர்மனி பிடிக்காத இங்கிலாந்தும் அயர்லாந்தும் அதில் உண்டு. அல்பேனியா, 200 பேர். அந்த 200 பேரும் மிஞ்சக்கூடாது என்று ஒரு அரசாங்கம் மேசை போட்டு உட்கார்ந்து எழுதியது. அவுஷ்விட்ஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது இது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்ல எங்களிடமே சொற்கள் இருக்கின்றன. செல், பங்கர், கஞ்சி, மாத்தளன், முள்ளிவாய்க்கால், காணாமற்போனவர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆளும் இடமும் திகதியும் உண்டு. அவற்றை விட்டுவிட்டு அவுஷ்விட்ஸ் என்று எழுதினால், வாசிக்கிற வெளியாள் முதலில் கேட்பது "உங்கள் நச்சுவாயு அறை எங்கே?" என்றுதான். இல்லை என்றதும், இருந்ததையும் நம்பமாட்டான். மகனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கோ: 2009 மார்ச்சில் எந்தப் பங்கருக்குள் யார் யாரோடு இருந்தான், என்ன குடித்தான் என்று எழுதட்டும். வாசிக்க நான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் உண்மை. முள்வேலி பார்த்த எங்களுக்கு அந்தக் கைதிகளின் சாட்சியங்களில் சில இடங்கள் யாரும் விளக்காமலே விளங்கும். கையில் இருக்கிற ஒரு துண்டுப் பாணை இப்போதே தின்பதா, இரவுக்கு வைப்பதா, வைத்தால் களவு போகுமா என்று ஒருவர் பக்கம் பக்கமாக யோசிப்பார். கொழும்பில் இருக்கும் என் நண்பர் அந்த இடத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

? 60 இலட்சம் என்று எப்படி எண்ணினார்கள்? எல்லோருக்கும் பெயர் இருக்கிறதா? யூரியூப்பில் ஒருவர் எல்லாம் மிகைப்படுத்தல் என்கிறாரே.
— முச்சக்கரவண்டி ஓட்டுநர், விசுவமடு

யூரியூப்காரரை விடுங்கோ, கொன்றவர்களின் கணக்கையே பார்ப்போம். 1943 ஜனவரி 11இல் போலந்திலிருந்து பெர்லினுக்கு ஒரு இரகசியத் தந்தி போனது. பெல்செக், சோபிபோர், ட்ரெப்லிங்கா, மைடனெக் நாலுக்கும் 1942 முடியும்வரை வந்துசேர்ந்தவர்களின் தொகை: 12 இலட்சத்து 74 ஆயிரத்து 166. பிரித்தானியர் அதை ஒட்டுக்கேட்டுப் பதிந்திருந்தார்கள், விளங்காமலே. ஆவணக் கோப்புக்குள் கிடந்த அதை 2000ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இதுபோன்ற கடதாசிகள், ரயில் பட்டியல்கள், யுத்தத்துக்கு முந்திய பிந்திய குடிசன மதிப்பீடுகள், இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வந்ததுதான் அந்தத் தொகை. ஒரு ஆய்வாளர் 51 இலட்சம் என்பார், இன்னொருவர் 60 இலட்சத்துக்குச் சற்று மேல் என்பார். அதில் சுமார் 15 இலட்சம் பேர் பிள்ளைகள்.

அந்தத் தந்தியில் ஒரு பெயரும் இல்லை. இதுதான் உங்கள் கேள்வியின் மற்றப் பாதி.

கையில் பச்சை குத்திய இலக்கத்தைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அது அவுஷ்விட்ஸில் மட்டும் நடந்தது, அங்கேயும் எல்லோருக்கும் இல்லை. கொண்டுவந்தது சுமார் 13 இலட்சம் பேர், இலக்கம் கொடுத்தது 4 இலட்சம் பேருக்கு. ரயிலால் இறங்கியதும் வைத்தியர் ஒருவர் கையால் இடம் வலம் காட்டுவார். கைக்குழந்தைக்காரி, கிழவன், கிழவி, சின்னப் பிள்ளை, எல்லோரும் நேரே நச்சுவாயு அறைக்கு. அவர்களை யாரும் பதியவில்லை. கையில் இலக்கம் விழுந்தவருக்கு இன்னும் சில கிழமை உயிர் இருந்தது. 11 இலட்சம் பேர் அங்கே செத்தார்கள், அதில் 10 இலட்சம் பேர் வரை யூதர். பெரும்பாலானவர்களின் பெயரை அந்த முகாமின் எந்தக் கொப்பியிலும் தேடிப் பயனில்லை.

ஆகவே பெயரை மற்றவர்கள்தான் சேர்க்கவேண்டியிருந்தது. ஜெருசலேமில் யாத் வஷேம் என்ற நினைவகம் 1950களிலிருந்து ஆளுக்கொரு தாள் என்று உறவினரிடம் எழுதி வாங்கி வருகிறது. பெயர், தாய் தகப்பன், ஊர், தொழில். அந்தத் தாள்களிலும் மற்ற ஆவணங்களிலும் இருந்து இதுவரை 48 இலட்சத்துக்கு மேல் பெயர் சேர்ந்திருக்கிறது.

ஆனால் எனக்கு நெருக்கமான கதை வார்சோ நகரத்தினுடையது. 1940 நவம்பரில் அங்கே 4 இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களை மூன்றரைச் சதுர கிலோமீற்றருக்குள் மதில் கட்டி அடைத்தார்கள். உள்ளே எமானுவேல் ரிங்கல்புளும் என்ற சரித்திர ஆசிரியர் ஒரு குழு சேர்த்தார். சுமார் 60 பேர். கூப்பன் அட்டை, மிட்டாய்ச் சுற்றுக் கடதாசி, பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை, பிச்சைக்காரரின் பாட்டு, எது கிடைத்தாலும் சேர்த்தார்கள். 1942 ஜூலையில் ட்ரெப்லிங்காவுக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. ஓகஸ்ட் தொடக்கத்தில் லிக்டன்ஸ்டைன் என்ற ஆசிரியர், இரண்டு இளைஞரோடு, ஒரு பள்ளிக்கூடத்து நிலவறையில் பத்துத் தகரப் பெட்டிகளை மண்ணுக்குள் தாட்டார். ஒரு கடிதமும் உள்ளே வைத்தார். நன்றியும் புகழும் வேண்டாம், நினைத்தால் போதும், 20 மாதமான தன் மகள் மார்கலித்தையும் நினைக்கவேண்டும் என்ற பொருளில். பிறகு இரண்டு பாற்கேன்களையும் அதே இடத்தில் தாட்டார்கள். 1946இல் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே தண்ணீர் போய்க் கடதாசி ஊறியிருந்தது. 1950இல் பாற்கேன்கள் கிடைத்தன. அவை நல்லாக இருந்தன. மூன்றாவது தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்புளும் 1944 மார்ச்சில் ஒரு பங்கருக்குள் மனைவி மகனோடு பிடிபட்டுச் சுடப்பட்டார். 60 பேரில் மிஞ்சியது மூன்று பேர்.

இதை நான் முதன்முதல் வாசித்தது 2012இல். வாசித்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். ஏனென்றால் நானும் தாட்டவன்.

2008இல் தருமபுரத்தில் மரத்தடியில் நடந்த இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் 5 வகுப்பாசிரியர் நான். 34 பிள்ளைகள். 2009 ஜனவரியில் விசுவமடுவிலிருந்து வெளிக்கிடும்போது சனம் தையல் மெசினையும் நீர்ப்பம்பியையும் தாட்டது. நான் வரவு இடாப்பை ஒரு பிஸ்கட் ரின்னில் வைத்து, தறப்பாள் துண்டால் சுற்றி, தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில் இரண்டு முழ ஆழத்தில் தாட்டேன். மனிசி, "நகையைத் தாட்டாலும் பரவாயில்லை, கொப்பியையோ?" என்று பேசினாள். 2011இல் திரும்பிப் போனபோது தென்னை இல்லை, கிணறு தூர்ந்துபோய்க் கிடந்தது. நாலு நாள் கிண்டினேன். பக்கத்து வளவுக்காரரின் தையல் மெசின் வந்தது. என் ரின் வரவில்லை.

இப்போது ஒரு சீ.ஆர். கொப்பியில் ஞாபகத்திலிருந்து எழுதி வருகிறேன். 31 பெயர் வந்துவிட்டது. அதில் ஒன்பது பேருக்கு நேரே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் சிலர் கலியாணம் கட்டி, சிலர் வெளிநாட்டில். மிச்சம் மூன்று பெயர் வருகுதில்லை. ஒருவன் முன்வரிசையில் இருந்தவன், இடது காதுக்குப் பின்னால் மறு, கணக்கில் கெட்டிக்காரன், அக்காவின் பெரிய சைக்கிளைக் குரங்குப் பெடலில் ஓட்டிக்கொண்டு வருவான். நாங்கள் எல்லோரும் அவனைக் "குட்டி" என்றுதான் கூப்பிட்டோம். இடாப்பில் நான் ஒவ்வொரு நாளும் வாசித்த பெயர் என்ன என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

நீங்கள் விசுவமடுவில் ஓட்டோ ஓடுகிறவர். அந்த வருடம் தருமபுரத்து மரத்தடியில் தரம் 5 படித்த யாராவது உங்கள் வண்டியில் ஏறினால் கேட்டுப் பாருங்கோ. கிடைத்தால் இந்த இதழுக்கே எழுதுங்கோ.